குறுகிய அறைக்கு வட்டப் பாதை வேண்டாம்

(ஒரகடத்தில் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் எழுதுவது)

‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் பணச் செலவைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் அதை ஓர் அறையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, பெற்றோர்களே, அன்புத் தங்கைகளே! நம் பள்ளியில் மாடிப்படிக்கும் இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கும் நடுவே நீண்டு ஒடுங்கிய அறை ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நான் இங்குப் படித்த காலத்தில் கிழிந்த தேசப் படங்களும் அச்சு முறிந்த பூகோள உருண்டையும் அங்கேதான் குடியிருந்தன. இன்று உடைந்த பெஞ்சுகள் குடியிருக்கின்றன. நாங்கள் அந்த அறையை ‘ரயில் பெட்டி’ என்று அழைப்போம். காரணம் வேறொன்றுமில்லை, உள்ளே நுழைந்தால் ரயில் பெட்டியின் நடைபாதையில் நிற்பது போலவே இருக்கும்.

இந்த ஆண்டு அறிவியல் மன்றத்து மாணவிகள் அந்த அறையைத் தங்களுக்குக் கேட்டிருக்கிறார்கள். மாதிரி இரயில்பாதை ஒன்று அமைக்க வேண்டுமாம். செய்தி பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, நல்ல மனம் படைத்த தந்தை ஒருவர், “அந்த இருட்டறை எதற்கு? நானே ஒரு முழு செட்டு வாங்கித் தருகிறேன். முன்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து விடுங்கள். பொத்தானை அழுத்தினால் வண்டி சுற்றும். வருகிறவர்கள் பார்த்து மகிழ்வார்கள்” என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் சிஸ்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீ தொழிற்சாலையில் லேஅவுட் போடுகிறவள்தானேம்மா, ஒரு நடை வந்து பார்த்துவிட்டு உன் அபிப்பிராயத்தை ஆண்டு மலருக்கு எழுது” என்றார்கள். அவர்கள் சொல்லை நான் மீறியது கிடையாது. போன சனிக்கிழமை வந்தேன், அளந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி அலமாரி வேண்டாம். அந்தக் குறுகிய அறையே போதும். ஆனால், மாணவிகள் தாளில் வரைந்து காட்டிய வட்டப் பாதையும் வேண்டாம்.

அறையின் நீளம் 425 சென்டிமீட்டர், அகலம் 182. ஒரு முனையில் கதவு, மறுமுனையில் ஜன்னல். கதவு உள்நோக்கித் திறந்து இடப்பக்கச் சுவரில் சாய்கிறது. மாணவிகளின் வரைபடத்தில் அறை இருந்தது, பாதை இருந்தது, மலை கூட இருந்தது. ஆனால் கதவு இல்லை! இதற்காக யாரும் நாணப்பட வேண்டாம். பெரிய ஆலைகளின் வரைபடங்களிலும் கதவை மறந்துவிட்டு, இயந்திரம் வந்து இறங்கிய நாளில் சுவரை இடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி வட்டத்தின் கதை. மாதிரி இரயில்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது ‘எச்.ஓ.’ என்னும் அளவு. அசலில் 87 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 1 சென்டிமீட்டர். அந்த அளவில் வண்டி தடம் புரளாமல் திரும்ப வேண்டுமானால், வளைவின் ஆரம் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆகவே முழு வட்டத்தின் விட்டம் 90. ஓரத்துக்கும் இடம் விட்டால் பலகையின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். 182 அகலமுள்ள அறையில் ஒரு மீட்டர் பலகை போட்டால் மிச்சம் எவ்வளவு? இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், மூன்றாவது பெண் உள்ளே வர வேண்டுமென்றால் ஒருத்தி வெளியே போக வேண்டும். பலகையின் பின்பக்கம் வண்டி கவிழ்ந்தால், எந்தக் கை அங்கே எட்டும்?

அவ்வளவு இடத்தைத் தின்றுவிட்டு அந்த வட்டம் என்ன தருகிறது என்றும் பாருங்கள். 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 283 சென்டிமீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 87-ஆல் வகுத்தால், மாதிரி வண்டி நொடிக்கு 16 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 18 நொடி. பத்து நிமிடத்தில் 33 சுற்று! முதல் சுற்றில் கைதட்டுவோம். ஐந்தாவது சுற்றில் பேச ஆரம்பிப்போம். பத்தாவது சுற்றில் யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணாடி அலமாரிக்குள் ஓடுவதும் இதே வட்டம்தான், பொத்தானை அழுத்துவதைத் தவிர மாணவிக்கு அங்கே வேலை இல்லை.

இரயில் என்பது சுற்றுவதற்காக வந்ததன்று. நம் பக்கத்து வரலாற்றையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையில் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856-ஆம் ஆண்டு. ஆனால் அதற்கும் முன்னே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடும் கல்லைச் சுமந்து வர ஒரு சிறு தடம் இருந்தது. ஓரிடத்தில் ஏற்று, ஓரிடத்தில் இறக்கு. அதுதான் இரயிலின் முதல் வேலை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பாதை அது. நீண்டு ஒடுங்கிய அறைக்கு இதைவிடப் பொருத்தமான பாதை வேறு உண்டா?

அப்படியானால் எந்தப் பாதையைச் செய்வது? ஊட்டி இரயில் என்றார்கள் சிலர். அழகுதான். ஆனால் அந்தப் பாதை 12 அடி போனால் ஓரடி ஏறுகிற இடங்களைக் கொண்டது. நடுவில் பல் தண்டவாளம் போட்டுத்தான் ஏற்றினார்கள். பல் இல்லாத மாதிரி வண்டிக்கு 100-க்கு 3 ஏற்றமே அதிகம். ஒரு பாதை இன்னொரு பாதைக்கு மேலே போக 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயர வேண்டும், அதற்கே இரண்டரை மீட்டர் ஓட வேண்டும். மேலே ஏறி முடிப்பதற்குள் நம் அறை பாதிக்கு மேல் முடிந்துவிடும். மலை வேண்டாம்.

‘வந்தே பாரத்’ என்றார்கள் வேறு சிலர். நம் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை பெற்ற பிள்ளை அது, பெருமை எனக்கும் உண்டு. 16 பெட்டிகள் கொண்ட அந்த வண்டி சுமார் 384 மீட்டர் நீளம். 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 441 சென்டிமீட்டர் வரும். அறையைவிட 16 சென்டிமீட்டர் அதிகம். கதவைத் திறந்து வைத்து, வாலை மாடிப்படியில் நிறுத்த வேண்டியதுதான்!

என் யோசனை வாலாஜாபாத். (வாலாஜா ரோடு வேறு, வாலாஜாபாத் வேறு. தேர்வில் எழுதிவிடாதீர்கள்.) செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் அது. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. நம் தாலுகாவில் பிறக்கும் கார்களில் ஒரு பகுதி வாலாஜாபாத்துக்குப் போய், அங்கே கூட்ஸ் வண்டியில் ஏறி வடதேசம் போகின்றன. உங்களில் எத்தனை பேருடைய அப்பாவோ அண்ணனோ அக்காவோ அந்தக் காரில் ஒரு திருகாணியாவது முடுக்கியிருப்பார்கள்! கார் ஆலை வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கார் வண்டியின் பெட்டிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் திட்டமே அதில்தான் இருக்கிறது. அவற்றில் பல, ஒரு காலத்தில் மனிதர்கள் பயணம் செய்த பெட்டிகள். 1955-ஆம் ஆண்டு பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலை பல்லாயிரம் பயணிகள் பெட்டிகளைக் கட்டியது. வயதானதும் அவற்றில் பலவற்றை உடைத்துப் போடாமல், இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்துக் கார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றினார்கள். இரயில்வேயில் ‘என்.எம்.ஜி.’ என்பார்கள். பக்கவாட்டில் ஏற்ற முடியாது. தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு சாய்தளம் இருக்கும். கார் அதில் ஏறி, கடைசிப் பெட்டிக்குள் புகுந்து, பெட்டிக்குப் பெட்டி போட்டிருக்கும் தகட்டுப் பாலத்தின் மேல் உருண்டு, முன்பெட்டி வரை போகும். குகைக்குள் எறும்பு வரிசை போவது போல. சிறிய கார் என்றால் பெட்டிக்கு 5 அளவில் நிற்கும்.

நம் தேவைக்கு இதைவிட வசதி வேறில்லை. பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், மாதிரியில் 24.5 சென்டிமீட்டர். ஜன்னல் வெட்ட வேண்டியதில்லை! காலண்டர் அட்டையும் பசையும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பெண் ஒரு வாரத்தில் ஒரு பெட்டி கட்டிவிடுவாள். சக்கரங்களை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். சாய்தளம் பாதையின் முனையில் இருக்க வேண்டும் என்பதால் பாதையும் முடிந்தாக வேண்டும். வட்டத்தில் முனை ஏது?

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும், கணித ஆசிரியை கண்டுபிடிப்பதற்குள். நம் அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பியப் பாதைக்கு வகுத்தது. வண்டி ஒல்லியான கால்களில் நிற்பது போலத் தோன்றும். பொறுத்துக் கொள்வோம்.

ஒரு முழுக் கார் வண்டியில் 25 பெட்டிகள் வரை இருக்கும். மாதிரியில் அதுவே 6 மீட்டரைத் தாண்டும். ஆகவே இங்கேயும் விட்டுவிட வேண்டியவை உண்டு. 25-க்குப் பதில் 8 பெட்டி போதும் என்கிறேன். அதற்குக் காரணம் 1970-களின் பிற்பகுதியில் ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு. அவருக்கும் இடப் பஞ்சம்தான். அவர் செய்தது இவ்வளவே: மூன்று சைடிங் தடங்கள், ஒன்றில் 5 பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. அவற்றைப் பிரிக்க இரண்டே பாயிண்டுகள். எஞ்சின் தன்னோடு 3 பெட்டிகளை மட்டும் இழுத்துக் கொண்டு வெளியே வர இடம். 8 பெட்டிகளில் எந்த 5 பெட்டிகள், எந்த வரிசையில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் ஷண்டிங் செய்து, அதே வரிசையில் 5 பெட்டிகளையும் கோத்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது.

கேட்கும்போது எளிது. 8-இலிருந்து 5-ஐ வரிசையாக எடுக்கும் வழிகள் 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6720. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டாலும் 30 ஆண்டுகள் ஆகும். இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவளின் மகள் வந்து மிச்சத்தைப் போடலாம். பதினோராம் வகுப்பில் வரிசை மாற்றங்கள் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் எழுதுவதைவிட இது மனத்தில் நிற்கும் என்று நம்புகிறேன்.

உண்மையில் இந்நாளில் கார் வண்டி முழுத் தொடராகவே வந்து முழுத் தொடராகவே போகிறது, பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. பழுதான பெட்டியைக் கழற்றி ஒதுக்கும்போதுதான் அந்த வேலை வரும். விளையாட்டுக்காக அந்த அளவு சுதந்திரம் எடுத்துக் கொள்ளலாம். எடுத்துக் கொண்டோம் என்பதைப் பலகையில் எழுதியும் வைக்கலாம்.

இப்போது அறைக்குள் வாருங்கள். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய இடச்சுவர் நெடுக 40 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே பலகைத் தட்டு. கதவுப் பக்கத்து முனையில் சாய்தளம், அதிலிருந்து 5 பெட்டிக்கு 125 சென்டிமீட்டர். இரண்டு பாயிண்டுகளுக்கு 50. எஞ்சினும் 3 பெட்டியும் வெளியே வர 95. ஆக 270 சென்டிமீட்டரில் விளையாட்டு முடிந்தது. அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ‘ஷண்டிங் எல்லை’ என்று ஒரு சிறு பலகை நடுவோம், அசல் நிலையங்களில் இருப்பது போலவே. அதற்கு அப்பால் பாதை ஜன்னலை நோக்கிப் போய், மூலையில் அரைமீட்டர் ஆரத்தில் திரும்பி, ஜன்னலுக்குக் கீழே ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் மறையும். நாடகத்தில் மேடைக்குப் பக்கத்தில் திரைமறைவு இருக்குமே, அது போல. கோத்து முடித்த வண்டி அங்கே போனால் வடநாட்டுக்குப் போய்விட்டது என்று பொருள். எஞ்சினோடு 5 பெட்டி, 143 சென்டிமீட்டர், அந்த வளைவிலும் மறைவிலும் தாராளமாக நிற்கும்.

வலச்சுவரில் ஒன்றும் வேண்டாம். அங்கேயும் ஒரு தட்டு அடித்தால் இன்னும் நிறையப் பாதை போடலாம் என்று மன்றத்துச் செயலாளர் என்னிடம் வாதாடினாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் நான் இணங்கவில்லை. ஒரு பக்கத் தட்டு என்றால் 142 சென்டிமீட்டர் நடக்க இடம் இருக்கும், ஒரு வகுப்பில் பாதிப் பேர் உள்ளே நின்று பார்க்கலாம். இரு பக்கமும் அடித்தால் பாதை பெருகும், பெண்கள் குறைவார்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் (பெயர் வேண்டாம்) உதிரிப் பாகங்களை எடுத்துக் கோக்கும் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் இளம் பெண்கள். பாகங்கள் வைக்கும் தட்டுகளின் மேல்வரிசை தரையிலிருந்து 175 சென்டிமீட்டர். வரைபடத்தில் மிக அழகாக இருந்தது, இடம் மிச்சம் என்று பாராட்டுக்கூட வாங்கியது. வரைந்தவர் உயரமானவர், அவர் அங்கே ஒரு நாளும் நின்றதில்லை. பெண்கள் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி எடுத்தார்கள். ஒருத்தி சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் தட்டு இறங்கியது. அன்றைக்கு எங்கள் திட்டப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண், அதுவும் புதியவள். தட்டு உயரம் என்று முன்பே எனக்குத் தோன்றியிருந்தது. சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த மணிக்கட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவேதான் அன்று அறையை அளந்த கையோடு, ஆறாம் வகுப்புத் தங்கைகள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி அவர்களுடைய முழங்கை உயரத்தையும் அளந்தேன். 82 முதல் 91 வரை வந்தது. தட்டின் உயரம் 90 இருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் சற்றுக் குனிந்து கொள்ளட்டும். அகலம் 40 என்றதும் அதே காரணத்துக்காகத்தான். சிறிய பெண் பலகையில் சாயாமல் கை நீட்டினால் பின்சுவர் வரை எட்ட வேண்டும். இரயிலைவிட முதலில் அளக்க வேண்டியது அதன் முன்னால் நிற்கப் போகிறவளை.

“பெண்பிள்ளைகளுக்கு ரயில் விளையாட்டு எதற்கு?” என்று கூட்டத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததாகச் சொன்னார்கள். என் சிறு வயதில் திருவிழாக் கடையில் அண்ணனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலும் எனக்குச் செப்புச் சாமானும் வாங்கி வந்தார்கள். செப்புச் சாமானை நான் குறை சொல்லவில்லை, நன்றாகவே சமைத்தேன். ஆனால் இன்று ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் கைப்பேசி ஆலைகளுக்கு விடியற்காலையில் வரிசையாகப் போகும் பேருந்துகளில் இருப்பவர்கள் யார்? ஆயிரக்கணக்கான பெண்கள். இயந்திரத்தின் முன்னால் நிற்கப் பெண்கள் வேண்டும், அந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கோடு போடும் மேசையில் மட்டும் வேண்டாமா? அந்த மேசைக்கு இந்த அறை ஒரு பயிற்சி. அதனால்தான் பலகை அறுப்பதும், துளையிடுவதும், பற்றவைப்பதும் மாணவிகளே செய்ய வேண்டும் என்கிறேன். கூலிக்கு ஆள் வைத்தால் ஒரு வாரத்தில் முடியும், உண்மைதான். 12 வோல்ட் நேர்மின்சாரம், ஆபத்தில்லை. மின்மாற்றிப் பெட்டியை மட்டும் ஆய்வுக்கூட ஆசிரியை பார்வையில் வைத்துக் கொள்ளலாம்.

பொதுத் தேர்வு எழுதும் வகுப்புகளின் பெற்றோர் கவலை நியாயமானது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் டிசம்பருக்குப் பிறகு சாவியைக் கையில் எடுக்கக் கூடாது என்று விதி வைத்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பு பொறுப்பேற்கட்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் மறக்கக் கூடாது. கோடையில் அந்த அறை அடுப்பு. 4 மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இணைப்புகளில் தபால் அட்டையின் தடிமன் அளவு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மே மாதம் பாதை பாம்பாக நெளியும். மரக்கால் வைத்தால் கரையான் வரும், துளையுள்ள இரும்பு ஆங்கிள் போதும். பலகையை ஒரே துண்டாக அடிக்காமல், நான்கு துண்டாகச் செய்து போல்ட்டால் இணைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. லாரிகள் கிளப்பும் புழுதிக்கு மருந்து ஒன்றுதான், திங்கட்கிழமை தோறும் தண்டவாளத்தைத் துணியால் துடைப்பது.

இன்னொரு கோரிக்கையும் என் மனத்தைத் தொட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “அக்கா, நம்ம ஊர் ஸ்டேஷன் வைக்கலாமா?” என்று கேட்டாள். ஸ்ரீபெரும்புதூருக்கு இரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து இவ்வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை வரும் என்பது பல ஆண்டுப் பேச்சு. இத்தனை ஆலைகள், இத்தனை பேருந்துகள், ஒரு தண்டவாளம் இல்லை. அவள் கேட்டது நியாயமே. எனினும், போய்ப் பார்த்து அளந்து வரக்கூடியதை முதலில் செய்யுங்கள் என்பேன். செங்கற்பட்டில் ஏறினால் வாலாஜாபாத் நடைமேடையில் இறங்கலாம். அனுமதியும் ஆசிரியையும் உடனிருந்தால் கார் ஏற்றும் சைடிங்கை எட்ட நின்று பார்க்கலாம். பெரம்பூர் தொழிற்சாலையை ஒட்டிய இரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளைத் தொட்டே பார்க்கலாம். பெரிய மாதிரிப் பாதை பார்க்க ஆசையுள்ளவர்கள், பூனாவில் ஜோஷி என்பவர் தம் சொந்த ஆர்வத்தால் உருவாக்கி 1998-இல் திறந்த காட்சியகத்தைச் சுற்றுலாவில் சேர்த்துக் கொள்ளலாம். அந்தச் சிறுமிக்காக ஜன்னலடித் தட்டின் கடைசி ஒரு சாண் பலகையில் ஒன்றும் ஒட்டாமல் வெறுமையாக விட்டு வைக்க வேண்டும் என்று மன்றத்தாரிடம் கேட்டுக் கொண்டிருக்கிறேன். பெயர்ப் பலகையை அவளே எழுதி வைத்துக் கொள்ளட்டும்.

கண்ணாடி அலமாரி தருவதாகச் சொன்ன தந்தைக்கு என் பணிவான வேண்டுகோள். ஐயா, உங்கள் நன்கொடையை மாற்றித் தாருங்கள். நல்ல எஞ்சின் ஒன்று, வேகம் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று, பாயிண்டுகள் இரண்டு, ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு தாள். மற்றதை உங்கள் மகளும் அவள் தோழியரும் கட்டிக் கொள்வார்கள். ஆண்டு விழா அன்று நீங்கள் வந்து சீட்டுக் குலுக்குங்கள், அவர்கள் கோத்துக் காட்டுவார்கள்.

அருட்சகோதரிகள் அனுமதித்தால், வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நான் அளவு நாடாவோடு வருகிறேன். மன்றத்து மாணவிகள் பழுப்புத் தாள் சுருள் ஒன்றும் பென்சிலும் கொண்டு வரட்டும். எதையும் வாங்குவதற்கு முன் முழு அளவில் பாதையைத் தாளில் வரைந்து தரையில் விரித்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் அந்தக் கதவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியாக வேண்டும். கீல்கள் மூன்று, திருகாணிகள் 18. தச்சரைக் கூப்பிட வேண்டாம், திருப்புளி என்னிடம் இரண்டு இருக்கிறது.